விளையாடுகிறவர்கள் உப்பில் விடும் பிழைகள்

சித்திரை வெயிலில் பின்னேரம் நாலு மணிக்குக் கரப்பந்தாட்டம் தொடங்கினால், இரண்டாவது செற் முடிய முன்னமே சேட்டைப் பிழியலாம். அப்படியொரு நாள் எங்கள் மைதானத்தில் ஒரு தம்பிக்குக் கெண்டைச் சதை பிடித்துக்கொண்டது. ஒருவர் காலை நீட்டி இழுத்துவிட, இன்னொருவர் பக்கத்து வீட்டுக் குசினிக்கு ஓடி ஒரு கை உப்போடு வந்தார். "இதை வாயில போட்டுத் தண்ணியைக் குடியடா, உடன விடும்." போட்டான், குடித்தான், கொஞ்ச நேரத்தில் வேலியோரம் சத்தியெடுத்தான்.

உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சொல்லும் எல்லை 5 கிராம் உப்பு. மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான். கை நிறைய அள்ளினால் அதைப்போலப் பல மடங்கு வரும். அவ்வளவும் ஒரேயடியாக வயிற்றுக்குள் இறங்கினால், அதைக் கரைக்க உடம்பு தன் தண்ணியையே குடலுக்குள் விடும், குமட்டல் வரும். சதைப்பிடிப்புக்குப் பெரும்பாலும் காரணம் சதையின் களைப்பு. அன்றைக்குக் கால் விட்டது இழுத்துவிட்டவரால். பெயர் உப்புக்குப் போனது.

இரண்டாவது பிழை என் வயதுக்காரருடையது. "நான் நடக்கிறனான், வேர்க்குது, உப்புக் கூடினால் என்ன?" கணக்குப் பார்ப்போம். ஒரு லீற்றர் வியர்வையில் ஆளைப் பொறுத்து அரைக் கிராமிலிருந்து 2 கிராம் வரை சோடியம் போகும்; உப்பில் ஒரு பங்குதான் இந்தச் சோடியம். சராசரியாக 1 கிராம் என்று வைப்போம். உப்பாகச் சொன்னால் இரண்டரைக் கிராம். விடியக் காலை முக்கால் மணித்தியாலம் நடக்கிறவர் அரை லீற்றர் வியர்த்தாலே பெரிது. போனது ஒரு கிராமும் சொச்சமும். வீட்டுக்கு வந்து பாணும் சம்பலும் சாப்பிட்டாலே அது திரும்பிவிடும். மத்தியானம் ஒரு துண்டுக் கருவாடு, மோர்மிளகாய், ஊறுகாய், பின்னேரம் மிக்சர், ராவுக்குக் கொத்துரொட்டி. நடந்த தூரம் பிறசருக்கு நல்லதுதான். ஆனால் இந்தச் சாப்பாட்டை அது அழிக்காது. கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்துத் தண்ணியை ஊற்றிவிட்டுச் சமைத்தால் கொஞ்சம் குறையும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. அதுதான் ஆபத்தானது. யாழ்ப்பாணத்திலிருந்து ஆனையிறவுக்குச் சைக்கிளில் போய்வர ஏறத்தாழ 100 கிலோமீற்றர். ஒரு நாள் முழுக்க நடக்கும் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியும், வெங்காயத் தோட்டத்தில் மத்தியானம் வரை குனிந்து நிற்பதும் அதே ரகம். இப்படி மணித்தியாலக் கணக்கில் வியர்த்துவிட்டு வெறும் தண்ணியையே போத்தல் போத்தலாகக் குடித்தால், இரத்தத்தில் சோடியம் ஐதாகிவிடும். 2002 பொஸ்டன் மரதனில் ஓடியவர்களில் 488 பேரின் இரத்தத்தைப் பார்த்தபோது, 13 வீதமானவர்களுக்கு ஓட்ட முடிவில் சோடியம் குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது நிறை கூடியிருந்தவர்களிடமே அது அதிகம் காணப்பட்டது. ஓடினவனுக்கு நிறை கூடுமென்றால், குடித்தது வியர்த்ததை விட அதிகம் என்றுதானே அர்த்தம்?

ஆகவே விளையாட முன்னும் பின்னும் தராசில் ஏறிப் பாருங்கள். 1 கிலோ குறைந்தால் ஏறத்தாழ 1 லீற்றர் போயிருக்கிறது. நீண்ட நேரம் வியர்த்த நாளில், தாகத்துக்குத் தண்ணியோடு உப்புப் போட்ட மோர், கஞ்சி, தேசிக்காய்த் தண்ணி என்று எடுத்தால் போதும். நிறையத் தண்ணி குடித்தவருக்குத் தலையிடி, சத்தி, பேச்சுத் தடுமாற்றம் வந்தால் மேலும் தண்ணி கொடுக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான்.

இளநீரை நம்பி இருக்கிறவர்களுக்கும் ஒன்று. அதில் பொற்றாசியம் தாராளம், சோடியம் குறைவு. குடிக்க நல்லது, வியர்வையில் போன உப்புக்கு ஈடாகாது. வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனிப் பையை அரைப் போத்தல் தண்ணியில் கரைத்து "ஸ்ரோங்காய்" குடிக்கிற பெடியளும் இருக்கிறார்கள். பையில் 1 லீற்றர் என்று போட்டிருந்தால் 1 லீற்றர்தான். செறிவு கூடினால் முதலில் சொன்ன வேலியோரக் கதைதான்.

கறுத்தச் சேட்டில் வெள்ளைக் கோடு விழுகிறவர்கள் மற்றவர்களை விட உப்பாக வியர்க்கிறவர்கள். நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்து, மறுநாளே எங்களோடு ஓட நிற்கிற மருமக்களும் அந்த வரிசைதான். உடம்பு வெக்கைக்குப் பழக ஒன்றிரண்டு கிழமை எடுக்கும். பழகின பிறகு வியர்வையிலேயே உப்பு குறையும். அதுவரை பாதித் தூரம் ஓடுங்கோ மருமகன்.

இந்துப்பு, கட்டி உப்பு எல்லாமே பெரும்பாலும் சோடியம் குளோரைட்டுத்தான்; நிறம் மாறினால் கணக்கு மாறாது. அயடீன் சேர்த்த உப்பை விட்டு அவற்றுக்கு மாறினால் அயடீனும் கிடைக்காமல் போகலாம். "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொற்றாசியம் இருக்கும். சிறுநீரக வருத்தக்காரரும், பிறசருக்குக் குளிசை போடுகிறவர்களும் டொக்டரைக் கேட்காமல் அதை வாங்கக் கூடாது, எத்தனை கிலோமீற்றர் ஓடினாலும்.