ஆபீஸில் ஃப்ளூ பரவும் காலம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃப்ளூ சீசன் தொடங்கியதும் பல ஆபீஸ்களில் முதலில் நடக்கிற காரியம், வாசலில் ஒரு சானிடைசர் பாட்டில் வைத்து, "கைகளைச் சுத்தமாக வைத்திருங்கள்" என்று சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டுவது. இரண்டும் நல்லதுதான். ஆனால் காய்ச்சலோடு வேலைக்கு வருகிறவரை வீட்டிலேயே இருக்கவைக்க அந்த போஸ்டரால் முடியாது, லீவ் விதியால்தான் முடியும். பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

உடம்பு சரியில்லை என்று வீட்டில் இருந்தால் சம்பளம் போகும், அல்லது ஒருநாள்கூட லீவ் எடுக்காதவருக்குத் தருகிற போனஸ் போகும் என்றால், யாராக இருந்தாலும் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பி வரத்தான் செய்வார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒருநாள் காய்ச்சலுக்குக்கூட டாக்டர் சர்டிபிகேட் கேட்பதும் இதே வகைதான். படுத்திருக்க வேண்டியவர் ஒரு காகிதத்துக்காக கிளினிக்கில் பத்துப் பேருக்கு நடுவே உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பார். சீசன் முடியும்வரையாவது இந்த விதியைத் தளர்த்தலாம். அப்புறம், ஒப்பந்த ஊழியர்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். துப்புரவு செய்கிறவர், காவலாளி, கேன்டீனில் பரிமாறுகிறவர் ஆகியோரில் பலருக்கு வராத நாளுக்குக் கூலி கிடையாது, ஆனால் எல்லா மாடிகளுக்கும் போய்வருகிறவர்கள் அவர்கள்தான். இன்னொன்று, மேனேஜர் தானே இருமிக்கொண்டு மீட்டிங் நடத்தினால், லீவ் விதி எவ்வளவு தாராளமாக இருந்தாலும் கீழே இருக்கிறவர்கள் அதைத் தொட மாட்டார்கள்.

அடுத்தது, "லேசான காய்ச்சல்தானே, முத்தினால் பார்த்துக்கொள்ளலாம்" என்கிற கணக்கு. ஃப்ளூ அப்படிக் காத்திருப்பதில்லை. வைரஸ் உடம்புக்குள் போனபின் 1 முதல் 4 நாட்களுக்குள் அறிகுறி தெரியும், ஆனால் அறிகுறி தெரிவதற்கு ஒருநாள் முன்பே அது மற்றவருக்குத் தொற்றக்கூடும். அதன் பிறகும் 5 முதல் 7 நாட்கள் வரை பரவலாம், அதில் முதல் 3 நாட்கள்தான் மோசமானவை. அதாவது, "இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது" என்று ஒருவர் நினைத்துக்கொண்டு நம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நேரம்தான் அதிகம் பரவுகிற நேரம். மதியம் ஒருவருக்குக் குளிர் எடுக்கிறது என்றால் மாலைவரை இழுத்துப் பிடிக்காமல் அப்போதே அனுப்பிவிடுங்கள். திரும்பி வருவதற்கும் ஒரு அளவு உண்டு. பாராசிட்டமால் போன்ற மாத்திரை எதுவும் போடாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், மற்ற தொந்தரவுகளும் குறைந்துகொண்டு வர வேண்டும். மாத்திரை போட்டுக் காய்ச்சலை இறக்கிவிட்டு "சரியாகிவிட்டது" என்று வருவதில் காய்ச்சல்தான் மறைகிறதே தவிர வைரஸ் அங்கேயே இருக்கிறது. வந்த பிறகும் சில நாட்கள் மாஸ்க் போட்டுக்கொள்வது நல்லது.

தடுப்பூசி விஷயத்தில் நேரத்தைத் தவறவிடுவதுதான் பெரிய தவறு. பக்கத்து டீமில் நான்கு பேர் படுத்த பிறகு முகாம் நடத்தினால், ஊசி போட்ட பின் எதிர்ப்புச் சக்தி உருவாகவே சுமார் 2 வாரம் ஆகிவிடும். "போன வருடம்தான் போட்டேனே" என்பதும் சரிவராது. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால்தான் உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசியில் எந்த வகைகள் இருக்க வேண்டும் என்று வருடத்துக்கு இரண்டு முறை, வட அரைக்கோளத்துக்கும் தென் அரைக்கோளத்துக்கும் தனித்தனியாகப் பரிந்துரைக்கிறது. ஊசி போட்டதால் ஃப்ளூ வந்துவிட்டது என்று சொல்கிறவர்கள் எல்லா ஆபீஸிலும் உண்டு. கையில் போடுகிற ஊசியில் உயிருள்ள ஃப்ளூ வைரஸ் இல்லை, அதனால் அது ஃப்ளூவைத் தர முடியாது. கை வலி, ஒருநாள் லேசான காய்ச்சல் வரலாம், அவ்வளவுதான். நூறு சதவீதப் பாதுகாப்பு கிடைக்காது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், போட்டவர்களுக்கு வந்தாலும் பெரும்பாலும் அவ்வளவு கடுமையாக இருப்பதில்லை. முகாமைப் பகல் ஷிப்டுக்கு மட்டும் நடத்திவிட்டு, இரவு ஷிப்ட் ஆட்கள் ஆர்வம் காட்டவில்லை என்று அலுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

சுத்தம் செய்வதில் ஒரு சின்ன விஷயம். கிருமிநாசினியைத் தெளித்த கையோடு துடைத்துவிட்டால் அது வேலை செய்ய நேரமே இல்லை. லேபிளில் எத்தனை நிமிடம் போட்டிருக்கிறதோ அத்தனை நிமிடம் அந்த இடம் ஈரமாக இருக்க வேண்டும். கதவுக் கைப்பிடி, லிஃப்ட் பட்டன், பலர் தொடுகிற கீபோர்டு போன்றவற்றில் வைரஸ் 24 முதல் 48 மணி நேரம்வரை இருக்கக்கூடும். சானிடைசரில் குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் வேண்டும், கை அழுக்காக இருந்தால் சோப்பும் தண்ணீரும்தான், 20 விநாடி. ஆனால் மேஜையைத் துடைத்துத் துடைத்து ஓய்ந்துபோகிறவர்கள், ஜன்னலே திறக்காத சின்ன மீட்டிங் அறையில் பன்னிரண்டு பேரை இரண்டு மணி நேரம் அடைத்துவைப்பதைப் பற்றி யோசிப்பதே இல்லை. ஃப்ளூ முக்கியமாக மூச்சு, இருமல், தும்மல் வழியாகத்தான் பரவுகிறது. ஜன்னலைத் திறங்கள், ஏசியில் வெளிக்காற்று உள்ளே வர வழி இருந்தால் அதைக் கூட்டுங்கள், முடிந்தால் அந்த மீட்டிங்கை போனில் முடியுங்கள்.

முன்னேற்பாடு என்றாலே சாமான் வாங்கிக் குவிப்பது என்று நினைக்கிறார்கள். சம்பளப் பட்டியல் போடத் தெரிந்தவர் ஒரே ஆள், சர்வர் பாஸ்வேர்டு வைத்திருப்பவர் ஒரே ஆள், ஸ்டோர் சாவி ஒரே ஆளிடம் என்று இருந்தால் எத்தனை பெட்டி மாஸ்க் இருந்தும் பயனில்லை. ஒவ்வொரு முக்கிய வேலைக்கும் இரண்டாவது ஆளைப் பழக்குங்கள், அதுவும் எல்லோரும் நன்றாக இருக்கும்போதே. வீட்டிலிருந்து வேலை செய்ய முடியுமா என்பதையும் ஒருநாள் செய்துபார்த்தால்தான் யாருடைய லேப்டாப் இணைப்பு வேலை செய்யாது என்று தெரியும். அதற்காகக் காய்ச்சலில் படுத்திருப்பவரை "வீட்டில்தானே இருக்கிறீர்கள்" என்று மீட்டிங்கில் உட்காரவைப்பது அநியாயம்.

யாருக்கு ஃப்ளூ என்று வாட்ஸ்அப் குரூப்பில் பெயரைப் போடாதீர்கள். "நம் மாடியில் ஒருவருக்கு உறுதியாகியிருக்கிறது" என்றால் போதும். பெயர் வெளியானால் அடுத்தவர் மறைப்பார்.

கடைசியாக மருந்து. டிராயரில் மிச்சம் இருக்கிற ஆன்டிபயாட்டிக்கை எடுத்துப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கிற பழக்கத்தை விட வேண்டும், வைரஸிடம் அது வேலை செய்யாது. ஃப்ளூவுக்கென்று ஒசெல்டாமிவிர் போன்ற மருந்துகள் இருக்கின்றன, அவை அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் நன்றாகப் பலன் தரும், டாக்டர்தான் எழுதித் தர வேண்டும். கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியவர்கள், ஆஸ்துமா, சர்க்கரை நோய், இதய நோய் உள்ளவர்கள் "இரண்டு நாள் பார்க்கலாம்" என்று இருக்காமல் முதல் நாளே டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது. மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ, விட்ட காய்ச்சல் மறுபடி ஏறினாலோ யாராக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆபீஸுக்கு லீவ் சொல்வதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.