மெக்னீசியம் மாத்திரை: தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்காதீர்கள், அப்புறம் இன்னும் சில

மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறவன் நான். சில வருடங்களாகவே மெக்னீசியம் கேட்டு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். தூக்கம் வரவில்லை, ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, ரீல்ஸில் பார்த்தேன், ஜிம்மில் சொன்னார்கள் என்று ஆளுக்கொரு காரணம். மாத்திரையைக் குறை சொல்ல மாட்டேன், உண்மையிலேயே குறைபாடு உள்ளவர்களுக்கு அது நல்ல பலன் தரும். ஆனால் புதிதாக ஆரம்பிக்கிறவர்களைப் பார்த்தால், போன மாதம் ஒருவர் தடுக்கி விழுந்த அதே இடத்தில்தான் இந்த மாதம் இன்னொருவர் விழுகிறார். காலாவதித் தேதியைப் பார்ப்பது, அளவுக்கு மீறாமல் இருப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

டப்பாவின் முன்பக்கத்தை மட்டும் படிப்பது

முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் 'மெக்னீசியம் கிளைசினேட் 1000 மி.கி.' என்று இருக்கும். அது அந்த உப்பின், அதாவது மெக்னீசியமும் அதோடு சேர்ந்த இன்னொரு பொருளும் அடங்கிய சேர்மத்தின், மொத்த எடை. அதற்குள் மெக்னீசியம் எவ்வளவு என்பது பின்பக்கம் பொடி எழுத்தில், 'எலிமென்டல்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும். கிளைசினேட்டில் சுமார் 14 சதவீதம், சிட்ரேட்டில் 16, த்ரியோனேட்டில் 8, ஆக்சைடில் 60. ஆக, 1000 மி.கி. கிளைசினேட்டில் உங்களுக்குக் கிடைப்பது 140 மி.கி.தான். ஆக்சைடில் எண் பெரிதாகத் தெரியும், ஆனால் குடல் அதைக் குறைவாகத்தான் உறிஞ்சும், மிச்சம் வயிற்றாலே போகும். 500 மி.கி. கிளைசினேட் மாத்திரையில் 150 மி.கி. எலிமென்டல் என்று போட்டிருந்தால் கணக்கு உதைக்கிறது என்று அர்த்தம், பெரும்பாலும் ஆக்சைடு கலந்திருப்பார்கள். விலையை ஒப்பிடும்போதும் இந்த எலிமென்டல் அளவை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

மாத்திரை, மருந்து வழியாகப் போகிற மெக்னீசியத்துக்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் உச்ச அளவு ஒரு நாளைக்கு 350 மி.கி., ஐரோப்பாவில் 250 மி.கி. இரண்டுமே எலிமென்டல் கணக்கு, சாப்பாட்டில் வருவது இதில் சேராது.

மற்ற மாத்திரைகளோடு ஒரே வாயில் போடுவது

எத்தனை முறை சொன்னாலும் தீராத தவறு இது. நினைத்தாலே எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதைத் தடுக்க வேண்டியவர்கள் நிறைய பேர், ஆனால் யாரும் கேட்பதில்லை.

எங்கள் கடைக்கு வழக்கமாக வரும் ஓர் அக்கா. பல வருடமாக 75 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரை, ஒரு பிரச்சினையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. தூக்கத்துக்கு நல்லது என்று மகள் ஆன்லைனில் மெக்னீசியம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். மறந்துவிடக் கூடாதே என்று அக்கா இரண்டையும் ஒரே டப்பாவில் வைத்து, காலையில் வெறும் வயிற்றில் சேர்த்தே விழுங்கியிருக்கிறார். சில மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டு மருந்து போதாவிட்டால் ஏறும், மிஞ்சினால் இறங்கும் அளவு) ஏறியிருக்கிறது. மாத்திரையை 100 ஆக்கினார்கள். அப்புறமும் இறங்கவில்லை, 125. "வயசாக ஆக தைராய்டும் ஏறுது போல தம்பி" என்று சீட்டை நீட்டியபோது நானும் மருந்தை எடுத்துக் கொடுக்கத்தான் முடிந்தது, வெளியே வாங்கிய டப்பா எங்கள் பில்லில் வராது.

அப்புறம் அந்த டப்பா தீர்ந்தது, மறுபடி வாங்கவில்லை. இப்போது 125 முழுதாக உடம்புக்குள் போக ஆரம்பித்தது. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், எடை குறைவு, ராத்திரி தூக்கமே இல்லை. இதயத்தில் ஏதோ கோளாறு என்று பயந்து இசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தார்கள். கடைசியில் டிஎஸ்எச் அதலபாதாளத்தில் இருப்பது தெரிந்தது. தூக்கத்துக்காக ஆரம்பித்த ஒரு மாத்திரை கடைசியில் தூக்கத்தையே கெடுத்தது, நடுவில் எத்தனை ஆயிரம் செலவு!

நடந்தது இவ்வளவுதான்: மெக்னீசியம், கால்சியம், இரும்பு போன்றவை குடலுக்குள் தைராய்டு மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மருந்து சரியாக ரத்தத்துக்குள் போகாது. இரண்டுக்கும் நடுவே குறைந்தது 4 மணி நேரம் இருந்தால் பிரச்சினை இல்லை. தைராய்டு மாத்திரை காலையில் என்றால் மெக்னீசியம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், முடிந்தது வேலை.

தைராய்டு மட்டும் இல்லை. எலிக்காய்ச்சலுக்கும் ஸ்க்ரப் டைபஸுக்கும் கொடுக்கிற டாக்ஸிசைக்ளின், சிறுநீர்த் தொற்றுக்கு எழுதுகிற சிப்ரோஃபிளாக்சசின் இரண்டையும் மெக்னீசியம் இதே மாதிரி பிடித்துக்கொள்ளும். காய்ச்சல் குறையவில்லை, மருந்து வேலை செய்யவில்லை என்று ஆன்டிபயாடிக்கை மாற்றுவார்கள், காரணம் பக்கத்திலேயே டப்பாவில் உட்கார்ந்திருக்கும். இந்த ஆன்டிபயாடிக்குகளை மெக்னீசியத்துக்கு 2 மணி நேரம் முன்னால் போடுங்கள், இல்லையென்றால் 4 முதல் 6 மணி நேரம் கழித்து. இன்னும் எளிது, அந்த ஐந்து நாளோ ஏழு நாளோ மெக்னீசியத்தையே நிறுத்தி வைப்பது. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை போடும் அலெண்ட்ரோனேட்டுக்கும், நரம்பு வலிக்குக் கொடுக்கிற காபாபென்டினுக்கும் 2 மணி நேர இடைவெளி வேண்டும். காபாபென்டினைப் பலரும் ராத்திரி போடுகிறார்கள், மெக்னீசியமும் ராத்திரிதான், அதனால் இந்த ஜோடியைக் கட்டாயம் கவனியுங்கள்.

ஒளிந்திருக்கும் மெக்னீசியமும் உண்டு. கால்சியம், டி3 சேர்ந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் மெக்னீசியமும் இருக்கும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற இளஞ்சிவப்பு சிரப்புகள் பலவற்றிலும் இருப்பது மெக்னீசியம் ஹைட்ராக்சைடுதான். மருத்துவர் "வேறென்ன மாத்திரை போடுறீங்க?" என்று கேட்டால் இவற்றையும் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

சிறுநீரகம் பழுதானவர்கள் தாமாக ஆரம்பிப்பது

வேண்டவே வேண்டாம்.

மிஞ்சிய மெக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அது மந்தமானால் ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். முதலில் குமட்டல், முகம் சிவந்து சூடாவது, அசதி, பிறகு ரத்த அழுத்தம் இறங்கும், தசை தளரும், மிகவும் ஏறினால் மூச்சும் இதயமும் நிற்கும் அளவுக்குப் போகலாம். எனக்குக் கவலை தருவது வீட்டுப் பெரியவர்கள்: மலச்சிக்கலுக்கு மில்க் ஆஃப் மெக்னீசியா, வாயுவுக்கு ஆன்டாசிட், அதற்கு மேல் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த மெக்னீசியம். மூன்றிலும் மெக்னீசியம் இருக்கலாம் என்பது யாருக்கும் தோன்றாது. நீண்ட காலச் சர்க்கரை, பிரஷர் இருப்பவர்கள் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

முதல் நாளே முழு அளவு

வயிற்றுப்போக்கு வரும். 100 மி.கி. அளவில் சாப்பாட்டுக்குப் பின் ஆரம்பியுங்கள்.

பேதி உப்பைக் கரைத்துக் குடிப்பது

எப்சம் சால்ட் என்கிற அதுவும் மெக்னீசியம்தான், ஆனால் சத்து மாத்திரைக்குப் பதிலாக அதைக் குடிக்காதீர்கள்.

ரத்தப் பரிசோதனை நார்மல் என்றால் குறைவே இல்லை என்று நினைப்பது

உடம்பில் இருக்கிற சுமார் 25 கிராம் மெக்னீசியத்தில் பாதிக்கு மேல் எலும்பில் இருக்கிறது. ரத்தத்தின் சீரத்தில் (பரிசோதனைக்கு எடுக்கும் தெளிந்த நீர்ப்பகுதி) மிதப்பது 1 சதவீதத்துக்கும் குறைவு. அதனால் சீரம் அளவு குறைந்திருந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும், நார்மலாக இருந்தால் அதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. பொட்டாசியம் குறைந்து, எவ்வளவு கொடுத்தும் ஏறாத நோயாளிக்கு மெக்னீசியத்தையும் பார்ப்பார்கள், மெக்னீசியம் குறைவாக இருந்தால் பொட்டாசியம் எளிதில் ஏறாது.

ஓட்டையை அடைக்காமல் ஊற்றுவது

வயிற்று அமிலத்தைக் குறைக்கிற பேன்டோபிரசோல், ஒமிபிரசோல் வகை மாத்திரையை வருடக்கணக்கில் காலையில் போட்டுக்கொண்டே இருப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். என்றைக்கோ ஒரு வாரத்துக்கு எழுதியது, யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. இந்த வகை மருந்துகள் நாள்பட மெக்னீசியத்தைக் குறைக்கும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2011-லேயே எச்சரித்தது, அப்படிக் குறைந்த சிலருக்கு மருந்தை நிறுத்தாமல் மெக்னீசியம் மட்டும் கொடுத்தும் சரியாகவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னது. நீர் பிரியக் கொடுக்கும் ஃப்யூரோசமைடு, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, தினசரிக் குடி இவையும் சிறுநீர் வழியே மெக்னீசியத்தை வெளியேற்றும். நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்த வேண்டாம், "இது இன்னும் தேவையா டாக்டர்?" என்று கேளுங்கள்.

கெண்டைக்கால் பிடிப்புக்கு இதுதான் மருந்து என்று நம்புவது

அதிகம் விற்பது இதற்காகத்தான், ஆதாரம் பலவீனமாக இருப்பதும் இங்கேதான். பல ஆய்வுகளைச் சேர்த்து அலசுகிற காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, வயதானவர்களின் கால் பிடிப்பை மெக்னீசியம் சொல்லிக்கொள்ளும்படி தடுக்க வாய்ப்பில்லை என்றது. கர்ப்பிணிகள் விஷயத்தில் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண், அவர்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது. மற்றவர்கள், சிறுநீரகம் சரியாக இருந்தால், ஒரு மாதம் போட்டுப் பார்க்கலாம். வித்தியாசம் தெரியவில்லை என்றால் நிறுத்திவிட்டு, அந்தப் பணத்துக்கு வேர்க்கடலை, எள், கேழ்வரகு, பூசணி விதை வாங்குங்கள். பூசணி விதை 28 கிராமிலேயே 150 மி.கி. மெக்னீசியம் இருக்கிறது. படுக்கப் போகும் முன் சுவரில் கை ஊன்றி, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் கெண்டைக்காலை நீட்டி விடுங்கள், அப்படியே பின்தொடையையும். தினமும் படுக்கும் முன் செய்த வயதானவர்களுக்கு ஆறு வாரத்தில் ராத்திரிப் பிடிப்பு குறைந்ததாக ஓர் ஆய்வு உண்டு, அதற்குக் காசும் வேண்டாம், 4 மணி நேரக் கணக்கும் வேண்டாம்.