இரவில் பாதம் எரிகிறதா? சாப்பிட்டதும் சற்று நடங்கள்

சர்க்கரை நோயால் பாத எரிச்சல் உள்ளவர்கள், இரவுச் சாப்பாடு முடிந்த அரை மணி நேரத்துக்குள் 10 முதல் 15 நிமிடம் நிதானமாக நடந்து பாருங்கள். வீட்டுக் கூடமே போதும். ஆனால் வெறுங்காலுடன் வேண்டாம். வீட்டுக்குள்ளும் மென்மையான செருப்பு அவசியம்.

சாப்பிட்டதும் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை, அசையும் தசைகள் உடனே எரிபொருளாக இழுத்துக்கொள்கின்றன. பாத நரம்புகளைப் பழுதாக்குவது பல ஆண்டுகள் கட்டுக்கு அடங்காமல் இருக்கும் சர்க்கரைதான் என்பதால், இந்தச் சிறு நடை வேரிலேயே கை வைக்கிறது. ஒரே இரவில் எரிச்சல் அடங்காது, வாரக்கணக்கில் தொடர வேண்டும்.

எரிச்சலுக்கு வெந்நீரில் கால் வைப்பவர்களை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. தயவுசெய்து வேண்டாம். மரத்துப்போன பாதத்துக்குச் சூடு தெரியாது. தோல் வெந்தபின்தான் தெரியவரும்.

பாதத்தில் புண், கொப்புளம், திடீர் வீக்கம் இருந்தால் நடக்காமல் மருத்துவரைப் பாருங்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை சட்டென இறங்கக்கூடும் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. மெட்பார்மின் பல ஆண்டுகளாகச் சாப்பிடுகிறவர்கள் வைட்டமின் பி12 அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது குறைந்தாலும் இதே எரிச்சல் வரும், அதற்கு நடை மட்டும் போதாது. இடுப்பிலிருந்து ஒரே காலில் சுண்டி இழுக்கும் வலிக்கு இந்தக் குறிப்பு பொருந்தாது.