அந்தமான் வருகிறீர்களா? அறையை அப்புறம் பாருங்கள், முதலில் படகு

டிசம்பர் லீவும் மே லீவும் நெருங்கினால் எங்கள் வீட்டுப் போன் ஓயாது. அப்பா பொதுப்பணித் துறை வேலையாக விருதுநகர் பக்கத்திலிருந்து இங்கே வந்து, அப்படியே தங்கிவிட்டவர். நான் போர்ட் பிளேரில் பிறந்தவன். அதனால் அந்தமான் வரும் சொந்தபந்தம் எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எந்த ஹோட்டல் நல்லா இருக்கும்?" போன வருடம் என் சித்தப்பா மகன் ஹேவ்லாக் தீவில் கடலைப் பார்த்த அறையாகத் தேடி மூன்று இரவுக்குப் பணம் கட்டிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டான். அந்தத் தேதிக்குப் படகில் இடமே இல்லை. ஒரு இரவு வாடகை வீண்.

இங்கே பஸ், லாரி மாதிரிதான் படகும். ஆனால் கூட்டம் அதிகம் என்று யாரும் கூடுதலாக ஒன்று விடமாட்டார்கள். ஆகவே விமான டிக்கெட் எடுத்த கையோடு படகு டிக்கெட் எடுங்கள். அந்தத் தேதிகளுக்குப் பொருந்துகிற மாதிரி அறையைப் பிடியுங்கள்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். ஹேவ்லாக் தீவும் நீல் தீவும் 2018 டிசம்பரில் ஸ்வராஜ் த்வீப், ஷஹீத் த்வீப் ஆகிவிட்டன. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும், ஆட்டோ ஸ்டாண்டில் பழைய பெயர் ஓடும். இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் போக இரண்டு வகைப் படகுகள் உண்டு. மக்ரூஸ், நாட்டிகா, கிரீன் ஓஷன் போன்ற தனியார் படகுகள் ஹேடோ ஜெட்டியிலிருந்து (ஜெட்டி என்றால் இங்கே படகுத்துறை) கிளம்புகின்றன. ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னே பின்னே ஆகும். கட்டணம் ஆயிரத்துச் சொச்சத்தில் ஆரம்பித்து, இருக்கையின் வகுப்பைப் பொறுத்து ஏறும். அரசுப் படகுகள் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து போகும். இரண்டரை மணி நேரம், கட்டணம் சில நூறு ரூபாய். ஹேடோவும் ஃபீனிக்ஸ் பேயும் வேறு வேறு இடம். காலை ஆறு மணிக்குத் தவறான ஜெட்டி வாசலில் பெட்டிகளோடு நின்று முழிப்பவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். ஆட்டோவில் ஏறும்போது வெறுமனே "ஜெட்டி" என்று சொல்லாமல், எந்த ஜெட்டி என்று சொல்லுங்கள்.

மலிவாக இருக்கிறதே என்று அரசுப் படகை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். அது முதலில் தீவுவாசிகளுக்கான படகு. ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்புபவர்கள், பள்ளி ஆசிரியர்கள், காய்கறி மூட்டைக்காரர்கள் எல்லாம் அதில்தான் போகவேண்டும். டிக்கெட் விற்பனை சில நாள் முன்புதான் தொடங்கும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். ஆனால் கிடைத்தால் விடாதீர்கள். மேல்தளத்தில் காற்று வாங்கியபடி நின்று வரலாம், அதிர்ஷ்டம் இருந்தால் பறக்கும் மீன்களைப் பார்க்கலாம். தனியார் படகுகள் பலவற்றில் கண்ணாடி ஜன்னல், ஏசி, உட்கார்ந்த இடத்தைவிட்டு எழ முடியாது. கிரீன் ஓஷனில் திறந்த மேல்தளம் உண்டு. என்னைக் கேட்டால், போகும்போது வேகமான படகு, வரும்போது தளம் உள்ள படகு.

வாந்தி வரும் என்ற பயம் இருந்தால் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இடம் கேளுங்கள். ஆட்டம் அங்கே குறைவு. அவோமின் என்ற வாந்தித் தடுப்பு மாத்திரை போடுபவர்கள் ஏறுவதற்கு அரை மணி முன்பே போட்டுவிட வேண்டும். கடல் ஆட ஆரம்பித்த பிறகு விழுங்கிப் பலனில்லை. புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி முன்பே ஜெட்டியில் இருங்கள். பைகளை ஸ்கேன் செய்வார்கள், ஒவ்வொருவரின் அசல் அடையாள அட்டையையும் பார்ப்பார்கள், பாட்டியுடையதையும் சேர்த்து.

சுற்று வரிசை போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், மறுபடி போர்ட் பிளேர் என்று இருக்கட்டும். ஹேவ்லாக்கிலிருந்து நீலுக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒவ்வொரு தீவுக்கும் போர்ட் பிளேர் வந்து வந்து போனால் பணமும் ஒரு பகலும் தண்ணீரில் போகும். கடைசி இரவு கட்டாயம் போர்ட் பிளேரில் தங்குங்கள். காலையில் நீலில் படகு ஏறி மதியம் விமானம் பிடிப்பது தாளில் அழகாகத்தான் இருக்கும். கடல் கொஞ்சம் முறைத்துக்கொண்டால் துறைமுகத்தில் படகை நிறுத்திவிடுவார்கள். படகுக் காசு திரும்பி வரும், விமானம் காத்திருக்காது. தென்மேற்குப் பருவமழை கேரளாவைத் தொடும் முன்பே, மே மாத நடுவிலேயே, இங்கே இறங்கிவிடும். மே கடைசியில் வருகிறவர்கள் கையில் ஒரு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பணம். யுபிஐ வேலை செய்யுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். செய்யும். சென்னையிலிருந்து கடலடியில் 2,300 கிலோமீட்டர் நீளக் கேபிள் இழுத்து 2020 ஆகஸ்டில் இணைப்புக் கொடுத்தார்கள். ஹேவ்லாக் வரை அந்தக் கேபிள் போகிறது. அதற்கு முன் செயற்கைக்கோள் நெட்டை நம்பி இருந்த காலத்தில் ஒரு போட்டோ அனுப்பிவிட்டு டீ குடித்து வரலாம். இப்போது இளநீர்க்காரர்கூட க்யூஆர் அட்டை மாட்டியிருக்கிறார். ஆனால் ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரை மாதிரி இடங்களில் சிக்னல் இருக்கும், இருக்காது. ஆட்டோக்காரர் நிற்க, நீங்கள் போனை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டாம். போர்ட் பிளேரிலேயே ஏடிஎம்மில் பணம் எடுத்து நூறும் ஐம்பதுமாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸுக்குப் பத்து, இருபது ரூபாய்ச் சில்லறை தனியாக.

போர்ட் பிளேருக்குள் ஆட்டோவில் மீட்டர் பேச்சே கிடையாது. ஏறும் முன் விலையை முடித்துவிடுங்கள், "போக மட்டுமா, காத்திருந்து கூட்டிவரணுமா" என்பதையும் சேர்த்து. இந்த இரண்டாவது கேள்வியில்தான் தகராறே வரும். ஓட்டுநர்களில் பலருக்குத் தமிழ் தெரியும். "அண்ணே" என்றதும் விலை குறைந்துவிடாது, ஆனால் வழியும் நேரமும் தெளிவாகச் சொல்லிவிடுவார். குடும்பமாக வந்து ஒரே நாளில் செல்லுலர் சிறை, கார்பின்ஸ் கோவ், சிடியாத்தாப்பு என்று பார்ப்பதானால் ஒரு வண்டியை நாளுக்குப் பேசிக்கொள்வது மேல். தனி ஆள் என்றால் மொகன்புரா பஸ் ஸ்டாண்டுக்குப் போங்கள். வண்டூர், சிடியாத்தாப்பு எல்லாம் அரசு பஸ்ஸில் சில்லறைக் காசில் போகலாம். இறங்கியதும் செய்யவேண்டிய முதல் வேலை, திரும்பும் கடைசி பஸ் எப்போது என்று கண்டக்டரிடம் கேட்பது.

சூரியன் இங்கே இந்திய நேரத்தை மதிக்காது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இறங்கிவிடும். ஐந்தரைக்கு நல்ல இருட்டு. "சாயங்காலம் பார்த்துக்கலாம்" என்ற நம்ம ஊர்க் கணக்கை ஏர்போர்ட்டிலேயே விட்டுவிடுங்கள். காலை ஐந்தரைக்கே வெளிச்சம் வந்துவிடும், அப்போதே கிளம்புங்கள்.

ஹேவ்லாக்கில் ஸ்கூட்டர்தான் சரி. நாள் வாடகை ஐந்நூறை ஒட்டி இருக்கும், சீசனில் ஏறும். உரிமமும் ஹெல்மெட்டும் வேண்டும். அசல் ஆதாரைக் கேட்டால் கொடுக்காதீர்கள், நகல் கொடுத்துப் பேசிப் பாருங்கள்; அடுத்த படகில் ஏற அசல் வேண்டும். வண்டியை எடுக்கும்முன் கீறல், கண்ணாடி, பிரேக், பெட்ரோல் முள் எல்லாவற்றையும் அவர் எதிரிலேயே வீடியோ எடுங்கள். பெட்ரோல் பெரும்பாலும் அடியில்தான் இருக்கும், முதலில் பங்குக்கு விடுங்கள். ஜெட்டியிலிருந்து ராதாநகர் சுமார் 12 கிலோமீட்டர். ஏற்ற இறக்கம், வளைவு, தெருவிளக்கு இல்லாத காட்டுப்பகுதி. அஸ்தமனம் பார்க்க ஊரே அங்கே போகும். ஓட்டிப் பழக்கம் குறைவானவர்கள் அதற்கு மட்டும் ஆட்டோவோ டாக்ஸியோ பேசிக்கொள்ளுங்கள். ஜெட்டியிலிருந்து ராதாநகருக்குப் பஸ்ஸும் இருக்கிறது, எண்ணிக்கை குறைவு. நீல் தீவு சின்னது, அங்கே சைக்கிளே போதும்.

போர்ட் பிளேரில் ஒரு காலைப்பொழுது மிச்சமிருந்தால் சாத்தம் ஜெட்டிக்குப் போய் பாம்பூஃபிளாட் படகில் ஏறுங்கள். ஸ்கூட்டரையும் அதிலேயே ஏற்றிக்கொள்ளலாம். லாரி, பள்ளிப் பிள்ளைகள், மீன் கூடை எல்லாம் உங்களோடு வரும். கட்டணம் ஒரு டீ விலைகூட ஆகாது. அக்கரையிலிருந்து மலையேறினால் மவுண்ட் ஹாரியட், இப்போதைய பெயர் மவுண்ட் மணிப்பூர். பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கப் படம் அங்கிருந்து தெரிகிற வடக்கு விரிகுடாதான். நோட்டு ஒன்று கையில் இருந்தால் கொண்டுவாருங்கள், பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருக்கும்.

பாராதாங் தீவின் சுண்ணாம்புக் குகைக்கு ஜிர்காதாங் சோதனைச் சாவடியிலிருந்து வண்டிகளை வரிசையாக, காவலோடு விடுவார்கள். முதல் வரிசையைப் பிடிக்க விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே கிளம்ப வேண்டும். அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது. நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, எதையும் நீட்டக்கூடாது, மீறினால் வழக்கு. "ஜாரவா காட்டுகிறேன்" என்று எந்த ஓட்டுநராவது சொன்னால் அந்த வண்டியில் ஏறாதீர்கள். உண்மையில் நான் யாரையும் அங்கே போகச் சொல்வதில்லை. ஒருவர் வீட்டு முற்றத்தின் வழியே போய் ஒரு குகை பார்ப்பது எனக்கு உவப்பில்லை.

நேரம் நிறைய இருப்பவர்களுக்குச் சென்னைத் துறைமுகத்திலிருந்து பயணிகள் கப்பலும் வருகிறது. ஏறக்குறைய மூன்று நாள். தேதி நெருக்கத்தில்தான் உறுதியாகும், அதுவும் தள்ளிப்போகலாம். அதனால் வரும்போது விமானம், திரும்பும்போது கப்பல் என்று வைத்துக்கொண்டால் அறை புக்கிங் எதுவும் கெடாது. பங்க் வகுப்பில், அதாவது அடுக்குப் படுக்கைகள் உள்ள பொது அறையில், போவதானால் சொந்தப் போர்வை, ஒரு பூட்டு, கொஞ்சம் ஊறுகாய் எடுத்துக்கொள்ளுங்கள். கேண்டீன் சாப்பாட்டில் உப்பு இருக்கும், காரம் இருக்காது.