புதிதாக ஓடுபவர்களுக்கு: மூச்சு தயார், கால் தயாரா?

முதல் நாளே முடிந்த மட்டும் விரட்டி ஓடி, மூன்றாவது நிமிடத்தில் மூச்சிரைத்து, "ஓட்டமெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். சரிப்படாதது அந்த வேகம்தான். ஓடும்போது ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச வர வேண்டும். நாலு வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். வேகநடை போடுகிறவர் உங்களைத் தாண்டிப் போனாலும் போகட்டும்.

வாரத்துக்கு மூன்று நாள் போதும், இடையில் ஒரு நாளாவது ஓய்வு. 5 நிமிடம் விறுவிறுவென்று நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என 8 சுற்று. கடைசியில் 5 நிமிடம் மெதுநடை. வலியில்லாமல் வாரம் கழிந்தால் அடுத்து 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 6 சுற்று. அதன்பின் 3 நிமிட ஓட்டத்துக்கு 1 நிமிட நடை, பிறகு 5 நிமிடத்துக்கு 1. களைத்த பிறகு நடப்பது இந்த முறையைக் கெடுத்துவிடும். தெம்பு இருக்கும்போதே கடிகாரம் பார்த்து நடைக்கு மாறுங்கள். ஒரு வாரம் சிரமமாக இருந்தால் அதையே மறுபடி செய்யுங்கள். பத்து வாரத்துக்குள் பலருக்கு 30 நிமிடம் நிற்காமல் ஓட வந்துவிடும்.

ஆபத்தான கட்டம் நான்காவது, ஐந்தாவது வாரம். மூச்சு சீராகி, ஓட்டம் இனிக்கத் தொடங்கும், தூரத்தை இரட்டிப்பாக்கத் தோன்றும். இதயமும் தசையும் சில வாரங்களில் தேறிவிடும்; தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். புதிய பாரம் விழும்போது எலும்பு முதலில் தன் பழைய பகுதியை அரித்து அகற்றிவிட்டுத்தான் புதிதாகக் கட்டுகிறது. அந்த இடைவெளியில் அது முன்பைவிடச் சற்று பலவீனமாகவே இருக்கும். அதனால்தான் வாரத்துக்கு ஏறக்குறைய 10 சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்ட வேண்டாம் என்கிறோம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை கால்பங்கு குறைத்தும் ஓடுங்கள்.

முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்விளிம்பில் வருகிற வலியைக் கவனமாகப் பாருங்கள். நீளவாக்கில் பரவிய மந்த வலி, ஓட ஓடக் குறைகிறது என்றால் எலும்பைச் சுற்றியுள்ள திசுக்கள் எரிச்சலடைந்திருக்கலாம்: ஓட்டத்தை நிறுத்தி நடை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வலி போனபின் பாதி அளவில் தொடங்குங்கள். ஒற்றை விரலால் "இங்கேதான்" என்று காட்ட முடிகிற வலி, ஒற்றைக்காலில் குதித்தால் சுள்ளென்கிறது, இரவில் படுத்தாலும் விடவில்லை என்றால் எலும்பில் நுண்ணிய விரிசல் இருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். "ஓடி ஓடிச் சரியாக்கலாம்" என்பது இதற்குப் பொருந்தவே பொருந்தாது.

காலை எட்டி எட்டி வைப்பதும் எலும்பைப் பதம் பார்க்கும். பாதம் உடலுக்கு வெகு முன்னால் விழும்போது ஒவ்வொரு அடியிலும் பிரேக் போட்டதுபோல் ஆகி, அதிர்ச்சி முழங்காலுக்கும் முன்னெலும்புக்கும் ஏறும். வலது கால் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 150 வந்தால், வேகத்தைக் கூட்டாமல் 158 அளவுக்கு அடிகளைக் கூட்டிப் பாருங்கள். எட்டி வைக்கும் தூரம் தானாகவே குறுகும்.

ஷூவை மாலையில் வாங்குங்கள், அப்போது பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போது அணியும் சாக்ஸைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றால், நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இடமில்லாவிட்டால் இறக்கத்தில் விரல் இடித்து நகம் கறுத்துப்போகும். பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக் கொப்புளம் கிளப்பும், செயற்கை இழையே நல்லது. 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் ஷூவை மாற்றிவிடுங்கள்.

வயிறு நிறையச் சாப்பிட்டால் இரண்டு மூன்று மணி நேரம் கழித்து ஓடுங்கள், இல்லையென்றால் விலாவில் பிடித்துக்கொள்ளும். வெயில் காலத்தில் வழக்கமான வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். உடல் பழக இரண்டு வாரம் வரை ஆகும்.

வாரத்தில் ஓட்டமில்லாத நாட்களில் இரண்டு நாள் கெண்டைக்காலுக்கு வேலை கொடுங்கள். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலை உயர்த்தி, மூன்று வினாடி எடுத்து மெல்ல இறக்குங்கள், 15 தரம், மூன்று சுற்று. முழங்காலை நேராக வைத்து ஒரு நாள், லேசாக மடக்கி இன்னொரு நாள்: மடக்கும்போதுதான் உள்ளடங்கிய தசைக்கு வேலை போய்ச் சேரும்.