போனில் கணக்கெடுக்கப் போகிறீர்களா? முதலில் படிவத்தைச் சரிபாருங்கள்

ஓடிகே, கோபோ டூல்பொக்ஸ் இரண்டும் போனில் படிவம் நிரப்பித் தரவு சேகரிக்கும் திறந்த மூல மென்பொருள்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். கோபோவின் போன் செயலி ஓடிகேயிலிருந்து வந்ததுதான், அதனால் இங்கே சொல்வது இரண்டுக்கும் பொருந்தும்.

சிக்னல் தேவையில்லை என்று கேட்டதும் பலர் செயலியைப் போட்டுக்கொண்டு திருகோணமலை மாவட்டத்தின் வெருகலுக்கோ குச்சவெளிக்கோ நேரே கிளம்பிவிடுகிறார்கள். படிவத்தை நிரப்பிச் சேமிக்க மட்டும்தான் இணையம் வேண்டாம். வெற்றுப் படிவத்தை இறக்கவும், நிரப்பியதை அனுப்பவும் வேண்டும். திருகோணமலை நகரில் வைஃபை கிடைக்கும்போதே எல்லாப் போன்களிலும் படிவத்தை இறக்கி, ஏரோப்ளேன் மோடில் போட்டு ஒரு தடவை முழுதாக நிரப்பிப் பாருங்கள். கிராம அலுவலர் பிரிவுகளின் பட்டியலைத் தனிக் கோப்பாக இணைத்திருந்தால், அது வந்து சேராதது அப்போதே தெரிந்துவிடும்.

தரவு கெடுவது பெரும்பாலும் சிக்னலால் அல்ல, படிவத்தால். தொலைபேசி இலக்கத்தை எண் வகையாக வைத்தால் 077இன் முன்னால் உள்ள பூச்சியம் போய்விடும். அடையாள அட்டை இன்னும் சிக்கல். பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும். புதியதில் 12 இலக்கம். எண் வகையில் அந்த எழுத்தை அடிக்கவே முடியாது, கணக்கெடுப்பவர் அதை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். இரண்டையும் எழுத்து வகையாக வையுங்கள். கேள்விகளை எழுதும் எக்செல் தாளில் (எக்ஸ்எல்எஸ் படிவம்) 'கொன்ஸ்ட்ரெயின்ட்' என்றொரு நிரல் (கொலம்) உண்டு. இந்த இரண்டு வடிவங்களைத் தவிர வேறெதையும் ஏற்காதபடி அதில் நிபந்தனை எழுதலாம். அதற்கும் முன், அடையாள அட்டை இலக்கம் உங்களுக்கு உண்மையிலேயே தேவையா என்று யோசியுங்கள். சுனாமி, இடப்பெயர்வு என்று இந்த மாவட்டத்துச் சனம் கொடுத்த விபரங்கள் கொஞ்சநஞ்சமல்ல. தேவைதான் என்றால், சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி படிவத்துக்குக் குறியாக்கம் போடுங்கள்.

காணி அளவு கேட்கும்போது அலகை விட்டுவிடுவது இன்னொன்று. தம்பலகாமத்தில் ஒருவர் "இருபது" என்றால் ஏக்கரா, பேர்ச்சா? 1 ஏக்கர் 160 பேர்ச், கொழும்பில் உட்கார்ந்து அட்டவணையைப் பார்ப்பவருக்கு இரண்டும் வெறும் 20தான். அலகைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள். அப்புறம், எல்லாக் கேள்வியையும் கட்டாயமாக்காதீர்கள். "தெரியாது" என்று சொல்ல வழியில்லாவிட்டால் கணக்கெடுப்பவர் எதையாவது போட்டு நகர்வார், அது உண்மையான பதில் போலவே தெரியும்.

ஜிபிஎஸ்ஸைத் தகரக் கூரைக்குக் கீழே நின்று எடுக்காமல் முற்றத்துக்கு வந்து, திரையில் மீட்டரில் காட்டும் பிழை அளவு குறையும்வரை நில்லுங்கள். வரைபடத்தில் ஏற்றும்போது அகலாங்கும் நெட்டாங்கும் மாறிப்போகாமலும் பாருங்கள். திருகோணமலை ஏறக்குறைய 8.57, 81.23, இடம் மாறினால் உங்கள் வீடுகளெல்லாம் ஆர்க்டிக் கடலில் மிதக்கும்.

படங்களின் அளவைப் படிவத்திலேயே குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் மெதுவான இணைப்பில் அனுப்பி முடியாது. கணக்கெடுப்பு நடுவில் கேள்விகளின் உள்பெயரை (அட்டவணையில் நிரலின் தலைப்பாக வரும் பெயரை) மாற்ற வேண்டாம். ஒரே விடை இரண்டு நிரல்களாகப் பிரிந்துவிடும்.

போன் மெதுவாகிறது என்று செயலியை அழித்துவிட்டு மறுபடி போடுபவர்களும் இருக்கிறார்கள். அனுப்பாத படிவங்களும் அதோடு அழிந்துவிடும், மீட்க வழியில்லை. மாலையில் சிக்னல் உள்ள இடத்துக்கு வந்ததும் அனுப்பச் சொல்லுங்கள். போனில் உள்ள எண்ணிக்கையும் சேர்வரில் உள்ள எண்ணிக்கையும் ஒத்துப்போன பிறகே போனைத் திருப்பி வாங்குங்கள்.