புதுக் கேம் வரும்வரை என்ன செய்யலாம்?

ஒன்லைன் பான்டசி கேம் ஒன்று வரப்போகுதென்று ட்ரெயிலரையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தால் நாள் நகராது. முதலில் கொம்பியூட்டரைத் திறந்து துப்புரவாக்குங்கள். யாழ்ப்பாணத்தில் கோண்டாவில், திருநெல்வேலிப் பக்கம் செம்மண் புழுதி ஃபேனுக்குள் படையாக ஒட்டியிருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஃபேன் இதழ் சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, காய்ந்த பெயின்ட் பிரஷால் மெல்லத் தட்டி எடுங்கள், ஈரத்துணி வேண்டவே வேண்டாம். டிஸ்க்கிலும் இடம் ஒதுக்குங்கள், 100 ஜிபி கேட்கும் கேம்கள் இப்போது சாதாரணம்.

அப்புறம், கை சும்மா இருக்காதே. கில்ட் வார்ஸ் 2 என்ற ஒன்லைன் பான்டசி கேம் நல்ல தெரிவு: 2012இல் வந்தது, அடிப்படைக் கேம் இலவசம், மாதச் சந்தா இல்லை. அதில் அடி விழும் நேரம் பார்த்து உருண்டு விலகப் பழகுங்கள், இந்தப் பழக்கம் இப்படிச் சண்டை உள்ள பல கேம்களுக்கும் உதவும். சர்வர்கள் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும்தான், அதனால் யாழ்ப்பாணத்தில் பிங் (தகவல் சர்வருக்குப் போய்த் திரும்ப எடுக்கும் நேரம்) கூடத்தான் இருக்கும். வைஃபையை விட்டுக் கேபிளில் இணைத்தால் திடீர்த் தடங்கலாவது குறையும்.

கூட்டாளிகளையும் இப்பவே பிடியுங்கள். யார் முன்னுக்கு நின்று அடி வாங்குவது, யார் குணப்படுத்துவது என்று பேசி முடிவெடுங்கள், வெளியாகும் இரவில் அதற்கு நேரம் கிடைக்காது.